பெருமாள் வீட்டுச் சண்டை

சென்ற பங்குனி மாதம் ஸ்ரீரங்கத்தில் என் அத்தை வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். உற்சவம் பார்க்க வந்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. பாதியில் நின்றுபோன ஒரு நாவல் என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கதாநாயகனும் கதாநாயகியும் பிரிந்து விட்டார்கள். அவர்களை மறுபடியும் சேர்த்து வைப்பதா, வேண்டாமா என்று எனக்குத் தீர்மானமாகவில்லை. சேர்த்து வைத்தால் வாசகர்கள் சந்தோஷப்படுவார்கள், விமரிசகர்கள் சிரிப்பார்கள். பிரித்து வைத்தால் நேர்மாறாக நடக்கும். இந்த வயதில் இரண்டு கட்சியையும் எனக்குப் பகைத்துக்கொள்ளத் தெம்பில்லை.

அத்தைக்கு எண்பத்து நாலு வயது. அவளுடைய பேத்தி அப்பொழுது அங்கே இருந்தாள். ஆனி மாதந்தான் பிரசவம் என்றாலும், படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பெண்ணின் தாயார் டொராண்டோவில் வேலையில் இருக்கிறாள். ஆனி பாதிக்கு மேல்தான் அவளுக்கு லீவு. ஆகவே பாட்டிதான் காவல். பகல் முழுவதும் படுத்திருக்கும் பெண் என்ன செய்வாள்? கைபேசியில் டெலிவிஷன் தொடர் பார்த்தாள். அதுவும் நம் தொடர் அல்ல, தாய்லாந்துத் தொடர். பாஷை அவளுக்கும் தெரியாது, பாட்டிக்கும் தெரியாது. கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் பேத்தி படித்துத் தமிழில் சொல்வாள். முதல் இரண்டு நாள் அப்படி நடந்தது. மூன்றாவது நாள் அத்தை, "நீ சொல்லாதே, எனக்கே தெரியறது" என்று சொல்லிவிட்டாள்.

அந்தத் தொடரை நானும் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன் என்பதை மறைப்பானேன்? 2018ஆம் ஆண்டு தாய்லாந்தின் மூன்றாம் சானலில் வந்து அந்த நாட்டையே ஒரு கலக்குக் கலக்கிய தொடர் அது. ரொம்பேங் என்ற புனைபெயரில் எழுதும் ஒரு பெண்மணியின் நாவலைத் தழுவியது. இக்காலத்துப் பெண் ஒருத்தி, பழைய நூல்களிலும் இடிபாடுகளிலும் ஆசை கொண்டவள், கார் விபத்தில் இறந்து போகிறாள். அவளுடைய உயிர் முந்நூறு வருஷங்களுக்கு முன்னால் போய், அயுத்தயா நகரத்தில் கரகேது என்ற பொல்லாத பெண் ஒருத்தியின் உடம்பில் புகுந்துகொள்கிறது. பொல்லாதவள் திடீரென்று நல்லவளாகி விட்டால் யார் நம்புவார்கள்? நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மாமியாராக வர வேண்டியவள் முறைக்கிறாள். வேலைக்காரிகள் பயந்து ஓடுகிறார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொருவர் மனமும் மாறுகிறது. அவ்வளவுதான் கதை. கத்திக்குத்து, விஷம் எல்லாம் நடுவில் வராமல் இல்லை. ஆனால் பார்ப்பவர்கள் காத்திருப்பது மாமியார் எப்பொழுது சிரிப்பாள் என்பதற்குத்தான்.

தொடரின் பெயர் புப்பே ஸந்நிவாத். தாய் மொழிக்காரர்கள் வாயில் அப்படி ஆகியிருக்கிறதே ஒழிய, எழுத்தைப் பிரித்துப் பார்த்தால் நமக்குத் தெரிந்த சொல்தான்: பூர்வ ஸந்நிவாஸம். முன் ஜன்மத்தில் கூடி வாழ்ந்தது. கதை நடக்கும் காலத்து அரசன் பெயர் நராய், அதாவது நாராயணன். 1656 முதல் 1688 வரை ஆண்டவன். கதாநாயகன் கற்பனை மனிதன் அல்ல. 1686இல் பிரான்சு தேசத்துப் பதினாலாம் லூயியின் சபைக்கு நராய் அனுப்பிய தூதர்கள் மூவரில் மூன்றாமவராகச் சரித்திரத்தில் இருப்பவர். நகரத்தின் பெயரான அயுத்தயாவோ, நம் அயோத்தியேதான். 1351இல் அதை ஸ்தாபித்த மன்னன் தன்னை ராமாதிபதி என்று அழைத்துக்கொண்டான்.

இதை நான் சொன்னபோது அத்தை ஆச்சரியப்படவில்லை. "நம்ம பெருமாளும் அயோத்தியிலேர்ந்து வந்தவர்தானேடா" என்றாள்.

வாஸ்தவந்தான். ராமபிரான் தம் குலதனமான ரங்க விமானத்தை விபீஷணனுக்குக் கொடுத்தார், அவன் இலங்கைக்கு எடுத்துக்கொண்டு போகும் வழியில் காவிரிக் கரையில் கீழே வைத்தான், வைத்தது வைத்ததுதான். வைக்கும்படி செய்த சிறுவன் பிள்ளையார் என்றும், கோபங்கொண்டு விபீஷணன் துரத்த, ஓடிப்போய் ஏறிக்கொண்ட குன்றுதான் மலைக்கோட்டை என்றும் ஸ்தல புராணம். ஸ்ரீரங்கத்தையும் உச்சிப்பிள்ளையாரையும் இவ்வளவு சுருக்கமாக முடிச்சுப் போட்ட புராணிகரை நான் மெச்சுகிறேன்.

இன்னொரு முடிச்சும் உண்டு. பாங்காக் நகரத்து அரண்மனை பிராமணர்கள் மார்கழி, தை மாதங்களில் நடத்தும் திருவிழாவுக்குத் திரியம்பவாய், திரிபவாய் என்று பெயர். திருவெம்பாவையும் திருப்பாவையுந்தான் அவை. அந்த விழாவில் மிக உயரமான ஊஞ்சல் ஒன்றில் ஆடும் வழக்கம் 1935இல் நின்றுவிட்டது. செந்நிறத் தூண்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன. திருப்பாவை பாடிய பெண் மணப்பெண்ணாக எந்த ஊருக்கு வந்தாள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் தொடரைப் பார்த்து முடித்ததும் அத்தை தன் தீர்ப்பைச் சொன்னாள்: "மாமியார் முறைச்சா, அவன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிண்டான், கடைசியிலே சேர்ந்துட்டா. இதுதானே? இதுக்குச் சீமைக்குப் போகணுமா? உத்திரத்தன்னிக்குக் கோயிலுக்கு வா, காட்டறேன்."

உத்திரத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் நான் மட்டும் மலைக்கோட்டைக்குப் போனேன். அத்தை வரவில்லை. அவள் பரம வைஷ்ணவி; தெப்பக்குளம் வரையில் வந்து புடவை வாங்குவாள், படியில் கால் வைக்க மாட்டாள்.

உச்சிப்பிள்ளையாரை அடைவதற்குச் சற்றுக் கீழே, படிகளுக்குப் பக்கத்தில், பாறையைக் குடைந்த மண்டபம் ஒன்று இருக்கிறது. மேலே போகிற அவசரத்தில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது. மேற்குச் சுவரில் கங்காதரர் நிற்கிறார். வானத்திலிருந்து இறங்கும் கங்கையைச் சடையில் ஏந்திக்கொள்கிறார். சிற்பத்தின் இரு புறமும் அரைத்தூண்களில் வடமொழிச் சுலோகங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அவற்றை அச்சிட்டார்.

அந்தச் சுலோகம் ஒன்றின் கருத்தைக் கேளுங்கள். சிவபெருமானுக்கு நதிகள் என்றால் பிரியம் என்பது உலகம் அறிந்த விஷயம். ஒருத்தியைத் தலையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். இந்தக் குன்றிலிருந்து பார்த்தாலோ கீழே காவிரி தெரிகிறாள். பூந்தோட்டங்களை மாலையாக அணிந்துகொண்டு, கண்ணைக் கவரும்படி ஓடுகிறாள். இவர் இவளையும் பார்த்துவிட்டால் என்ன ஆவது? மலைமகளுக்குப் பயம் வந்துவிட்டது. ஆகவே பிறந்த வீடாகிய இமயத்தை விட்டுவிட்டு இங்கேயே நிரந்தரமாகக் குடியேறி, 'காவிரி பல்லவனுக்கு உரியவள்' என்று கணவரிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

பார்த்தீர்களா? சோழ நாடு முழுவதும் தனக்குச் சொந்தம் என்று ஒரு பேரரசன் பிரகடனம் செய்ய விரும்புகிறான். போர்க்களத்துப் பிணங்களையும் யானைகளையும் அவன் அடுக்கியிருக்கலாம். மத்தவிலாசம் என்ற பரிகாச நாடகம் எழுதிய கை அல்லவா? தன் ஆட்சி உரிமையைப் புருஷன் பெண்டாட்டிச் சந்தேகமாக மாற்றி, அதையும் கல்லில் வெட்டி வைத்துவிட்டான். ஏறக்குறைய 1400 வருஷமாக அந்த அம்மாள் அங்கே காவல் இருக்கிறாள். காவிரியில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மட்டும் அவளுக்குச் சற்று நிம்மதி இருக்கலாம். நான் போன பங்குனியில் கீழே மணல்தான் அதிகம் தெரிந்தது.

மலையை விட்டு இறங்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. மலைக்கோட்டையிலும் அதற்கு எதிர்க்கரையிலும் இதே கதை திரும்பத் திரும்ப ஏன் வருகிறது? கல்வெட்டில் வருகிறது, புராணத்தில் வருகிறது, உற்சவத்தில் வருகிறது. இந்த ஊர்க்காரர்கள் வேறு ஊர்க்காரர்களைவிடக் குடும்பச் சண்டையில் ருசி உள்ளவர்களா?

ஆறாம் திருநாள், பங்குனி ஆயில்யம். அன்று நம்பெருமாள் ஸ்ரீரங்கத்திலிருந்து புறப்பட்டுக் காவிரியைக் கடந்து உறையூருக்குப் போகிறார். உறையூரில் இருப்பவள் கமலவல்லி நாச்சியார். தாமரைப் பொய்கையில் குழந்தையாகக் கிடைத்து, சோழராஜன் வளர்த்த பெண். குதிரைமேல் வந்த அரங்கனைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்து, அவரையே மணந்தாள். ஸ்ரீரங்கத்தைப் பார்த்துக்கொண்டு வடக்கு முகமாக வீற்றிருக்கிறாள். அவளுடைய பிறந்த நட்சத்திரத்தன்று வருஷத்துக்கு ஒரு தடவை அவர் வருகிறார். இருவரும் சேர்த்தியாக எழுந்தருளுகிறார்கள். இரவு அவர் திரும்பி விடுகிறார்.

உத்திரம் வருவது அதற்கு மூன்றாம் நாள். அன்று ரங்கநாயகித் தாயாரின் திருநட்சத்திரம். தாயார் படிதாண்டாப் பத்தினி. தன் சந்நிதியை விட்டு வெளியே வருவதில்லை. இவர்தான் தேடிக்கொண்டு போக வேண்டும். போகிறார். கதவு சாத்தப்படுகிறது.

கூட்டத்தில் அத்தையின் முழங்கை என் விலாவில் இடித்தது. "பாரு, இப்போ பாரு" என்றாள்.

பல்லக்கு பின்வாங்குகிறது, மறுபடி முன்னே வருகிறது, மறுபடி கதவு. உள்ளேயிருந்து பூப்பந்தும் பழமும் வெண்ணெயும் வந்து விழுகின்றன. பிரணய கலகம் என்பது இதற்குச் சாஸ்திரோக்தமான பெயர். மட்டையடி என்பது ஊர்ப் பெயர். பிறகு சம்பாஷணை தொடங்குகிறது. இரண்டு பேருக்கும் வாயாக நின்று படிக்கிறார்கள். கண் ஏன் சிவந்திருக்கிறது, கேசம் ஏன் கலைந்திருக்கிறது, திருமேனியில் இந்த அடையாளம் எங்கிருந்து வந்தது என்று தாயார் தரப்பில் ஒவ்வொன்றாகக் கேள்வி வருகிறது. வேட்டைக்குப் போனேன், இரவெல்லாம் கண்விழித்தேன், வெயிலில் அலைந்தேன் என்று பெருமாள் சொல்லும் சமாதானங்களைக் கேட்டால், வீட்டுக்கு நேரங்கழித்து வரும் எந்தக் கணவனும் அவற்றில் ஒன்றை உபயோகித்திருப்பான் என்று தெரியும். கடைசியில், வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன், பாம்புக் குடத்தில் கை விடுகிறேன் என்கிற வரையில் போய்விடுகிறது. அதற்கும் கதவு திறப்பதில்லை. நம்மாழ்வார் வந்து மத்தியஸ்தம் செய்கிறார். அப்புறந்தான் சேர்த்தி. பெருமாளும் ரங்கநாயகித் தாயாரும் ஒன்றாக எழுந்தருளுவது வருஷத்தில் இந்த ஒரு நாள்தான். ராமாநுஜர் தம் கத்யங்களை விண்ணப்பித்ததும் இப்படி ஒரு பங்குனி உத்திரத்தன்றுதான் என்பது வைஷ்ணவ மரபு. சந்நியாசி ஒருவர் சரணாகதி செய்வதற்குத் தேர்ந்தெடுத்த வேளை, தம்பதிகள் சண்டை ஓய்ந்த வேளை.

எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் சுற்றிலும் நின்ற கிழவிகள் அழுதுகொண்டிருந்தார்கள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வருஷா வருஷம் முடிவு தெரிந்த நாடகத்துக்கு யாராவது அழுவார்களா?

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அத்தையின் அலமாரியில் இருந்த கோயிலொழுகை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

1311இல் மாலிக் காபூரின் படை தெற்கே வந்தது. அதற்குப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பின், 1323இல், உலூக் கானின் படை வந்தது. பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்று பெயர் பெற்றவன் அவன். சேனை நெருங்குகிறது என்று தெரிந்ததும் மூலவருக்கு முன்னால் கற்சுவர் எழுப்பப்பட்டது. உற்சவரை எடுத்துக்கொண்டு முதியவரான பிள்ளை லோகாசாரியரும் சிலரும் தெற்கு நோக்கிப் போனார்கள். மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் அவர் காலமானார். பெருமாள் அங்கிருந்து மலையாள தேசம், மைசூர்ப் பக்கத்துக் காடுகள் என்று அலைந்து திருமலைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் இருந்ததாகச் சொல்லப்படும் ரங்கநாயக மண்டபத்தை இன்றும் பார்க்கலாம். தாயாரை என்ன செய்தார்கள்? படிதாண்டாதவளை எங்கே கொண்டு போவது? வில்வ மரத்தடியில் பள்ளம் தோண்டி, பூமிக்குள் மறைத்து வைத்தார்கள் என்கிறது ஒழுகு.

அவர் ஊர் ஊராக, இவள் மண்ணுக்குள். நாற்பத்தெட்டு வருஷம்.

விஜயநகரத்துக் குமார கம்பணனின் தளபதியான கோபணார்யன், திருமலையிலிருந்து பெருமாளைச் செஞ்சிக்கு அருகிலுள்ள சிங்கவரத்துக்கு எழுந்தருளச் செய்து, பிறகு 1371இல் ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டு வந்தான். அதைச் சொல்லும் சுலோகம் கோயில் சுவரில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. சக வருஷம் 1293. ஆனால் வந்தவரை யாருக்கு அடையாளம் தெரியும்? 1323இல் பிறந்த குழந்தைக்கு 1371இல் நாற்பத்தெட்டு வயது. அது தன் வாழ்நாளில் நம்பெருமாளைக் கண்ணால் கண்டதில்லை. இடைக்காலத்தில் வேறொரு திருவுருவம் செய்து பூஜித்துக்கொண்டிருந்தார்கள். இருவரில் பழையவர் யார் என்று தகராறு.

கோயில் ஈரங்கொல்லி, அதாவது வஸ்திரம் வெளுப்பவர், ஒருவர் மிச்சம் இருந்தார். தொண்டு கிழவர். கண் பார்வை போய்விட்டது. திருமஞ்சனத்தில் பெருமாள் உடுத்திய ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தை வாலிபத்தில் பருகிப் பழகியவர். இருவருக்கும் திருமஞ்சனம் செய்து இரண்டு தீர்த்தத்தையும் அவர் கையில் கொடுத்தார்கள். ஒன்றைப் பருகியதும் அவர், இவரே நம் பெருமாள் என்று கூவினாராம். நம்பெருமாள் என்ற திருநாமம் நிலைத்தது அதனால்தான் என்கிறது ஒழுகு. இடையில் பூஜை கொண்டவரையும் ஊரார் கைவிடவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு கோயிலிலேயே இருக்கிறார்.

காணாமற்போன குழந்தையை மச்சத்தால் கண்டுபிடிப்பது, சங்கிலியால் கண்டுபிடிப்பது என்று நானும் நாலைந்து கதைகளில் எழுதியிருக்கிறேன். இந்தக் குருட்டுக் கிழவருக்கு முன்னால் அவை எல்லாம் நிற்க முடியாது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபோது, மட்டையடி எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது. நான் கேட்ட வரையில் தாயார் அந்த நாற்பத்தெட்டு வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மூன்று நாளைக்கு முன் எங்கே போனீர் என்றுதான் கேட்கிறாள். அரை நூற்றாண்டு பிரிந்திருந்தவர்களை ஊர் மறுபடி சேர்த்து வைத்தபோது, துயரத்தைப் பாடுவதற்கு ஒரு உற்சவம் ஏற்படுத்தவில்லை. சில்லறைச் சண்டையைத்தான் விடாமல் நடத்துகிறார்கள். சில்லறைச் சண்டை போட வேண்டுமானால் இருவரும் வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா?

அயுத்தயாவைப் பற்றியும் அப்பொழுதுதான் யோசித்தேன். அந்த நகரம் 1767இல் பர்மியப் படையால் எரிக்கப்பட்டது. அரசர்கள் பிறகு அங்கே திரும்பவே இல்லை. தொடர் வெளிவந்த 2018இல், பட்டுடுத்திப் பழங்கால அலங்காரத்தோடு ஜனங்கள் சாரி சாரியாக அங்கே போய், வாட் சைவத்தநாராம் கோயிலின் இடிந்த கோபுரங்களுக்கு முன் படம் எடுத்துக்கொண்டார்களாம். அழிந்த நகரத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் சமாதானமாகப் போவதைப் பார்க்க அத்தனை பேருக்கு ஆசை இருந்திருக்கிறது. அதைப் பார்த்துச் சிரித்த விமரிசகர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள்.

மறுநாள் பேத்தி தொடரின் கடைசிப் பகுதியைப் போட்டாள். கல்யாணம், குழந்தைகள், எல்லாம் சுபம். பேத்தி பெருமூச்சு விட்டாள். அத்தை மட்டும் திருப்தியாக இல்லை.

"ஏண்டி, அவ அம்மா என்ன ஆனா?"

"யாரோட அம்மா, பாட்டி?"

"அந்தப் பொண்ணோட அம்மா. இந்தக் காலத்திலே இருக்காளே, அவ. இவ அங்கே போய்க் குடியும் குடித்தனமுமா இருக்கா. பெத்தவ இங்கே அழுதுண்டுன்னா இருப்பா?"

பேத்தி பதில் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். டொராண்டோவில் அப்பொழுது நடுராத்திரி.

அந்தக் கேள்விக்குத் தொடரில் விடை இல்லை, மலைக்கோட்டையில் இருக்கிறது. ரத்னாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குத் திருச்சிராப்பள்ளியில் பிரசவ காலம். பூம்புகாரிலிருந்து அவள் தாய் புறப்பட்டு வருகிறாள். காவிரியில் வெள்ளம், அக்கரையில் நின்றுவிட்டாள். இங்கே பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. சிவபெருமான் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து கதவைத் தட்டி, மருத்துவம் பார்த்து, பிள்ளையை எடுத்துக் கொடுத்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் மூட்டையும் கையுமாக வந்து நின்றபோது வீட்டில் இரண்டு தாய்கள். செவ்வந்திநாதர் தாயுமானவர் ஆனது அப்படித்தான். தலைக்கங்கையைச் சுமந்தவர், காவிரியைப் பார்த்துவிடுவாரோ என்று மனைவியைப் பயப்பட வைத்தவர், அதே காவிரி வழி மறித்ததும் மருத்துவச்சியாக வந்துவிட்டார். வருஷந்தோறும் சித்திரைத் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்று இது நடத்திக் காட்டப்படுகிறது. திரை போட்டு, திரைக்குப் பின் பிரசவம். திரையை விலக்கினால் மடியில் குழந்தை. பிள்ளைத்தாய்ச்சிகள் வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள். தைலமும் மருந்தும் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள்.

இதையெல்லாம் பேத்திக்குக் கேட்கும்படியாகக் கொஞ்சம் உரக்கவே அத்தையிடம் சொன்னேன். அத்தை காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குப் புறப்பட்ட அன்று வாசல் திண்ணை வரையில் வந்தாள். உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சித்திரையிலே மறுபடி வருவியோ?"

"வரலாம், அத்தை. நாவல் முடிந்தால் வருவேன்."

"முடியாட்டாலும் வா. வரச்சே அந்த மலையேறிட்டு வா. அங்கே ஏதோ தைலம் கொடுக்கறான்னு சொன்னியே, ஒரு சீசா வாங்கிண்டு வா. நான் கேட்டேன்னு இந்தத் தெருவிலே ஒருத்தர்கிட்டேயும் மூச்சு விடாதே."